படகுக்கு நன்றி சொல்லக் கூடாது

நானும் அவளும் ஒரே அறையில் ஆராய்ச்சி செய்தோம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். ஒரே நெறியாளர், இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. இருவருக்கும் விஷயம் சத்தம்தான். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் சிக்னலில் நின்று வண்டிகளின் சத்தத்தை அளந்தேன். அவள் கடலுக்கு அடியில் கேட்கும் சத்தத்தை அளந்தாள். என் ஆராய்ச்சிக்கு யாரும் பணம் தரவில்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. நான் அளந்ததை எந்த ஆய்விதழில் வேண்டுமானாலும் போடலாம், நடுரோட்டில் நின்று கத்தலாம். கேட்கத்தான் ஆள் இல்லை. அவள் ஆராய்ச்சிக்கு நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கிற ஒரு துறை பணம் கொடுத்தது. அவள் அளந்ததைக் கேட்க ஆள் இருந்தது. சொல்வதற்குத்தான் அனுமதி இல்லை.

கடலின் சத்தத்தில் நாட்டுக்கு என்ன வேலை என்று நானும் முதலில் கேட்டேன். கல்யாண மண்டபத்தில் ஒருத்தர் நம்மைக் கூப்பிடுவது காதில் விழ வேண்டுமானால், மண்டபத்தின் இரைச்சல் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அக்கா என்றாள். கரையோரத்தில் மழை பெய்கிற சத்தம், இறால் கூட்டம் படபடவென்று பொரிகிற சத்தம், படகு மோட்டார் சத்தம் எல்லாம் கணக்கில் வந்துவிட்டால், அதற்கு நடுவில் வரக்கூடாத ஒன்று வந்தால் கண்டுபிடித்துவிடலாம். வரக்கூடாத ஒன்று என்றால் அடுத்த நாட்டு நீர்மூழ்கிக் கப்பல். கண்டுபிடிக்க விரும்புகிறவருக்கு எந்தக் கணக்கு உதவுமோ, அதே கணக்கு ஒளிந்து வர விரும்புகிறவருக்கும் உதவும். இதை அவள் எனக்குச் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீனவர் குப்பத்துப் பெண். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான், நான் இல்லை. ஆனாலும் பக்கத்து மேசையில் உட்கார்ந்தே அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்திடம் படகு கிடையாது. வாடகைக்கு எடுத்தால் மூன்று நாளில் பணம் தீர்ந்துவிடும். அதனால் நீருக்குள் இறக்கும் மைக்கையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். சுனாமிக்குப் பிறகு அவள் அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு கிடைத்திருந்தது. அப்பாவும் அவருடன் தொழிலுக்குப் போகிற மூன்று பேரும் மீன் பிடிப்பை விட்டுவிட்டு இவளுக்காகக் கடலில் போய் நின்றார்கள்.

ஒரே ஒரு தடவை நானும் போனேன். அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். "இன்னாமா, பஸ்ஸு லாரின்னு ஊரு சத்தத்தயே அளக்குற, இதுக்கே இப்டி ஆயிட்ட?" என்று அவள் அப்பா சிரித்தார். சிரிப்பெல்லாம் மைக்கை இறக்கும் வரைதான். இறக்கிய பிறகு படகில் ஒரு சொல் கூடாது. தீப்பெட்டியை உரசினால்கூட படகின் அடிப்பாகம் வழியாக மைக்கில் போய் விழும். பீடி இல்லை, வெற்றிலை எச்சில் துப்புவது இல்லை, கால் மாற்றி உட்காருவது இல்லை. நான்கு பெரிய ஆண்கள் வெயிலில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்து இன்னொருவர் சிரித்துவிட, அன்றைய பதிவு போச்சு. அவள் அப்பா அந்த இரண்டு பேரையும் கரைக்கு வரும் வரை திட்டிக்கொண்டே வந்தார். வருடக்கணக்கில், பருவத்துக்குப் பருவம், இப்படி உட்கார்ந்தார்கள்.

அளந்து முடித்த பிறகுதான் தொந்தரவு. ஆய்விதழில் இரண்டு கட்டுரை வந்திருந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு கட்டுரையும் போகக் கூடாது என்பது பணம் கொடுத்தவர்களின் விதி. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்கான விதிகள். நடுவில் மாட்டிக்கொண்டவளுக்குத்தான் மூச்சு முட்டியது. தீவிரவாதிகள் கடல் வழியாக வந்து மும்பையில் சுட்டுத் தள்ளிய பிறகு அனுமதி இன்னும் இறுகிவிட்டது. இடம் சொல்லக் கூடாது, ஆழம் சொல்லக் கூடாது, தேதி சொல்லக் கூடாது. சொல்லாமல் அனுப்பினால் ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். எங்கே அளந்தது என்றே தெரியாத அளவை நாங்கள் எப்படி நம்புவது, வேறொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் எழுதியதிலும் தப்பு இல்லை. ஆராய்ச்சி என்றால் அதுதானே. நான் சொன்னதை நம்பாதே, நீயே போய் அளந்து பார் என்பதுதானே.

அவளுக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது; பட்டம் வந்தால் சேரலாம். அவள் ஒவ்வொரு கட்டுரையாகக் காத்திருந்த காலத்தில் எனக்குப் பட்டம் வந்து, நான் அதே அறையில் தற்காலிக விரிவுரையாளராக உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி எதிரில் ஹாரன் சத்தம் அதிகம் என்பதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு டாக்டர் பட்டம். அவள் சலிக்கவில்லை. அளவுகளை விட்டுவிட்டு, மழைச் சத்தத்தைத் தனியாகப் பிரிக்கிற முறையை மட்டும் எழுதினாள். முறைக்கு ஊர் வேண்டியதில்லை. இரண்டு கட்டுரையும் அப்படித்தான் வெளிவந்தன.

பிறகு ஆய்வேடு. நானும் அவளும் நெறியாளரும் சேர்ந்து வரி வரியாகப் பார்த்தோம். வரைபடம் எடுத்தோம். அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தோம். ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் 'ஒரு கடலோரப் பகுதி' ஆயிற்று. ஆழத்தை மட்டும் ஒரு வரைகோட்டுப் படத்தில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார் நெறியாளர். அது இல்லாவிட்டால் ஆய்வேட்டில் ஒன்றுமே மிஞ்சாது. துறைத்தலைவர் பார்த்தார், குழு பார்த்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆய்வேடுகளைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முழு ஆய்வேட்டைத் தேர்வாளர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. நன்றியுரையை மட்டும் எல்லோரும் படிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று மாமன் மச்சான் பார்க்கிற மாதிரி. துறைத்தலைவர் தனக்கு எத்தனை வரி என்று பார்ப்பார். நூலகர் பார்ப்பார், ஆய்வக உதவியாளர் பார்ப்பார், கேன்டீன் அண்ணன்கூட யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் தங்கள் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நானும் என் பெயரைத்தான் தேடினேன். 'மூத்த சகோதரி' என்று போட்டிருந்தாள். மனது நிறைந்துவிட்டது, மேற்கொண்டு படிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அவள் அப்பாவையும் அந்த மூன்று பேரையும் பற்றியது. பெயர், ஊர், படகு எல்லாம் போட்டு எழுதியிருந்தாள். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தமிழில் சொல்லியும் காட்டியிருக்கிறாள். நான்கு பேரும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

பணம் கொடுத்த துறையிலிருந்து இறுதி அனுமதிக்காக ஓர் அதிகாரி வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சேலையூரில் வீடு, மரியாதையாகப் பேசுகிறவர். நெறியாளர் அறையில் எங்கள் மூவரையும் உட்கார வைத்து ஒரு வரைபடத்தை விரித்தார். ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைத் திறந்தார். ஒரு வாக்கியத்தை மட்டும் உரக்கப் படித்தார். 'கோயில் கோபுரத்தையும் பழைய தண்ணீர்த் தொட்டியையும் ஒரே நேர்கோட்டில் வைத்து நங்கூரம் போட்டு, ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் என்னை நிறுத்திய என் தந்தைக்கு' என்று அவள் எழுதியிருந்தாள்.

அவர் ஸ்கேலை எடுத்தார். "ஊர் இது. கோபுரம் இங்க. தண்ணி டேங்க் இங்க" என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கடலுக்குள் இழுத்தார். மூன்றாம் அத்தியாயத்தில் இருந்த ஆழத்தைப் பார்த்தார். கோட்டின் மேல் அந்த ஆழம் வரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"இதானே இடம்?" என்று அவளைக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். நெறியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தியாயம் அத்தியாயமாக அடித்துத் தள்ளிய நாங்கள் மூன்று பேரும், கையெழுத்துப் போட்ட குழுவும், எல்லோருமே படித்த ஒரே பக்கம் அதுதான். அவரவர் பெயரைத் தாண்டி யாரும் படிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவர் மேலேயே காட்டினேன். "அவ பேரு அட்டையிலயே இருக்கு சார். யாராவது விசாரிச்சா அவ எந்த ஊர்னு தெரிஞ்சிடாதா?"

"ஊர் தெரிஞ்சா தெரியட்டும் மேடம். அந்த ஊர்லதான் அளந்தாங்கன்னு வேற எந்தப் பக்கமும் சொல்லல. இது சொல்லுது. இப்படியே போச்சுன்னா முழு ஆய்வேட்டையும் சீல் வச்சு எங்க ரூம்ல பூட்டணும். லைப்ரரியில வைக்க முடியாது, யாருக்கும் காட்ட முடியாது. இந்தப் பக்கத்தை மாத்தினா மத்ததெல்லாம் வெளிய வரலாம். உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

நல்லதுக்குத்தான் சொன்னார், அது பொய்யில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கி வந்தார். "அப்பாவுக்கு நன்றி போடுங்கம்மா, யார் வேணாம்னது? என்னை வளர்த்தார், படிக்க வச்சார், அப்படிப் போடுங்க. படகுக்கு மட்டும் வேணாம். அந்த மூணு பேரும் வேணாம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவா இருந்ததுக்கு நன்றி போடணும்னா எல்லா தீசிஸ்லயும்தான் சார் போடறாங்க. எங்க நைனா வேலை செஞ்சாரு. அந்த மூணு பேரும் செஞ்சாங்க. அவங்க இல்லாம இந்த புக்குல ஒரு எழுத்து கிடையாது. அவங்களுக்குப் போடாம இவருக்கு மட்டும் போட்டா, இவரே ஒத்துக்க மாட்டாரு."

"அப்போ என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

அவள் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு எங்கள் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கணினியில் நன்றியுரையைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தாள். துறைத்தலைவர், நூலகர், நான், கேன்டீன் அண்ணன், ஒருவர் பாக்கியில்லை. 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி அடித்தாள். அவர்கள் நான்கு பேர் இல்லாத பக்கத்தில் இருக்க எனக்கும் மனமில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். "வீட்டுல சொல்லிட்டியாடி?" என்று கேட்டேன். "வைவா முடியட்டும் அக்கா. சொல்லிக்கலாம்" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வு எங்கள் ஊரில் ஒரு சின்ன விசேஷம் மாதிரி. அறிவிப்புப் பலகையில் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். சொந்தக்காரர்கள் கடைசி வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், பெண்ணை யாராவது மடக்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருப்பார்கள். முடிந்ததும் சமோசா, லட்டு. என் தேர்வுக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து எங்கள் தெருவே வந்தது. அவளுடைய தேர்வுக்கு மட்டும் அறிவிப்பின் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள், முன் அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்று. நன்றியுரையை மாற்றிய பிறகும் அரங்கில் அவள் காட்டப் போகும் படங்களில் சில விவரங்கள் இருந்தன. எனக்கும் அனுமதி இல்லை. ரோட்டுச் சத்தக்காரிக்குக் கடல் சத்தத்தில் என்ன வேலை?

நான்கு பேரும் வந்துவிட்டார்கள். சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற வேன் ஒன்றைச் சொந்தக்காரர் யாரோ ஓட்டி வந்து இறக்கிவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. வாசலில் செக்யூரிட்டி தடுத்ததும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சிமெண்டுத் திட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

"உன்னயும் உட்லயா?" என்று அவள் அப்பா கேட்டார்.

"விடல."

"அப்ப சரி" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பேச்சு குப்பத்துக்குப் போயிற்று. மும்பை சம்பவத்துக்கு அப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்குள் வந்து பதிவு செய்துகொண்டிருந்தார்களாம். அதற்காக ஒரு நாள் முழுக்கத் தொழிலுக்குப் போகாமல் வரிசையில் நின்றதைச் சொன்னார்கள். தும்மல்காரர்தான் அதிகம் பேசினார். நடுவில் திடீரென்று, "எங்க பேரு வர்ற பக்கத்த ஜெராக்ஸு எட்த்துக் குடுப்பியாமா? வூட்ல மாட்டி வெக்கலாம்னு" என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு ம்ம் என்றேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல வேண்டியவள் அவள்.

கதவு திறந்தது. உள்ளே கை தட்டும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தாள், கையில் கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் போட்ட ஆய்வேடு. பின்னாலேயே நெறியாளரும் அந்த அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு பிரமாதமா பதில் சொன்னாங்க. இனிமே டாக்டர்" என்று நான்கு பேருக்கும் கை கூப்பினார். நான்கு பேரும் எழுந்து கூப்பினார்கள்.

"எங்க, அந்தப் பக்கத்தக் காட்டு" என்றார் அப்பா.

அவள் தயங்கினாள். பிறகு திறந்து காட்டினாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் பார்த்தது மேலிருந்து கீழ் வரை எழுத்து நிறைந்த பக்கம். இது வெள்ளைத் தாளில் ஒரு வரி. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், முன்னால் பார்த்தார், மறுபடி அதே பக்கத்துக்கு வந்தார்.

"அன்னிக்கி படிச்சியே, அது எங்க கீது?"

"எட்த்துட்டாங்க நைனா."

"யாரு?"

அவள் கண் எந்தப் பக்கம் போனது என்று அவர் பார்த்துக்கொண்டார். அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "பெரியவரே, அது உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. வேற காரணம்" என்றார். காரணத்தைச் சொல்ல அவருக்கும் வழியில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் மாணவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "கடலுக்குப் போவணும்னா பேரு குடுன்னாங்க, குட்த்தோம். போட்டோ குடுன்னாங்க, குட்த்தோம். கை ரேகை குடுன்னாங்க, பத்து வெரலும் குட்த்தோம். எவன் வந்தான் எவன் போனான்னு பாத்து சொல்லுன்னாங்க, அதுக்கும் சரின்னோம். அதுக்கெல்லாம் எங்க பேரு வோணும். எம் பொண்ணு புக்குல மட்டும் ஆவாதா சார்?"

அதிகாரி தரையைப் பார்த்தார்.

"ஆவாது நைனா" என்றாள் அவள்.

அவர் மகளைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. அவர் ஆய்வேட்டை மூடினார். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மகளிடம் கொடுக்காமல், நெறியாளரைத் தாண்டிப் போய், அந்த அதிகாரியிடம் நீட்டினார்.

"நீயே வெச்சிக்க சார்" என்றார்.

அதிகாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.